செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸும் அதன் மணல் குழிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டண்டீயில் குடியிருக்கிறேன். டே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் வந்துவிடும். அதனால் கோடை பிறந்தால் போதும், லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாராவது வந்து நிற்பார்கள். அவர்களை ஓல்டு கோர்ஸ் என்ற பழைய கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பாகிவிட்டது. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பாதிக்கு மேல், பங்கர் என்கிற, பந்து போய் மாட்டிக்கொள்ளும் அந்த மணல் குழிகளைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்காமல் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் கெட்டிக்கார ஆட்டக்காரன் இல்லை. குழிகளுக்குள் நிறைய நேரம் நின்றவன், அவ்வளவுதான்.

லிங்க்ஸ்னா என்ன? எல்லா கோல்ஃப் மைதானமும் ஒண்ணுதானே?

இல்லை. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணல்நிலத்துக்குத்தான் ஸ்காட்லாந்தில் லிங்க்ஸ் என்று பெயர். மேடு, வரம்பு என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நம் திணைக் கணக்கில் சொன்னால் நெய்தலும் முல்லையும் கலந்த இடம்: ஒரு பக்கம் கடல், இந்தப் பக்கம் மேயும் ஆடு. உப்புக் காற்றும் வெறும் மணலும் என்பதால் பயிர் ஏறாது. ஆடு மேய்க்கலாம், முயல் பிடிக்கலாம், துணி உலர்த்தலாம், மிச்ச நேரத்தில் குச்சியால் பந்தடிக்கலாம்.

மணலில் தண்ணீர் நிற்காது. காலையில் மழை கொட்டினாலும் மத்தியானம் தரை இறுகிவிடும். ஃபெஸ்க்யூ என்ற ஊசிப்புல் குட்டையாக, அடர்த்தியாக வளரும். அதன் மேல் விழுந்த பந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே விழுகிறது என்பதைவிட எங்கே போய் நிற்கிறது என்பதுதான் லிங்க்ஸ் ஆட்டம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குழிகளைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருவேன். மரம் நட்டு, குளம் வெட்டி, மெத்தைபோலப் புல் வளர்த்த மைதானங்கள் வேறு ஜாதி.

அப்படி இந்த ஊருக்கு மட்டும் என்ன விசேஷம்?

வயசு. 1457-லேயே ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ், ஆட்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதில் கிடக்கிறார்கள் என்று கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தார். தடை செய்கிற அளவுக்கு அப்போதே பரவியிருந்தது என்றுதான் அதை வாசிக்க வேண்டும். 1552-ல் பேராயர் ஜான் ஹாமில்டன் எழுதிக்கொடுத்த சாசனம், இந்த நிலத்தில் விளையாடும் உரிமை ஊர்மக்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அவர் அங்கே முயல் வளர்த்துக்கொள்ளலாம்.

அந்த முயல்தான் பின்னால் வம்பானது. 1797-ல் கையில் காசில்லாத நகர நிர்வாகம் நிலத்தைக் கைமாற்றிவிட, அது முயல் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. முயல் வளை தோண்ட, கோல்ஃப்காரர்கள் கொதிக்க, வழக்கும் சண்டையுமாக இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற உள்ளூர் நிலக்கிழார் நிலத்தை வாங்கிப் பிரச்சினையை முடித்தார். இரண்டாம் ஹோலில் (டீ என்ற தொடக்க இடத்திலிருந்து, கொடி நட்ட சின்னத் துளையுள்ள கிரீன் என்ற வழவழப்பான புல்திடல் வரை ஒரு ஹோல்) இருக்கும் ‘சீப்ஸ்’ பங்கர் அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் இருக்கிறது. 18 ஹோல் என்ற கணக்கும் இங்கிருந்து வந்ததுதான். முன்பு ஒரு சுற்றுக்கு 22. 1764-ல் முதல் நான்கை இரண்டாகச் சேர்த்தார்கள். அதே ஹோல்களைத் திரும்பி வரும் வழியிலும் ஆடியதால் நான்கு குறைந்து 18 ஆனது.

பெரிய கிளப்பாச்சே, உள்ள விடுவாங்களா?

எல்லோரும் தப்பாக நினைத்திருப்பது இதைத்தான். மைதானம் எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை, பொதுநிலம். 1974-ல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட் இதையும் பக்கத்திலுள்ள மற்ற மைதானங்களையும் சேர்த்து, மொத்தம் ஏழு, நிர்வகிக்கிறது. முதல் டீக்குப் பின்னால் படத்தில் பார்க்கிறீர்களே, அந்தக் கல் கட்டடம் 1754-ல் தொடங்கிய ராயல் அண்டு ஏன்ஷியன்ட் கிளப்புடையது. அதற்குள் நுழைய முடியாது. மைதானத்துக்குள் நுழையலாம்.

அண்ணை, எனக்கு கோல்ஃப் துப்பரவாத் தெரியாது. நான் அங்க வந்து என்ன செய்யிறது?

லண்டன் சித்தப்பா மகன் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். ஞாயிறன்று ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. பெரிய போட்டி நடக்கும் நாட்கள்தான் விதிவிலக்கு. மற்ற ஞாயிறெல்லாம் அது ஊர்ப் பூங்கா. குழந்தை வண்டி, நாய், சாண்ட்விச் பொட்டலம் எல்லாவற்றோடும் ஆட்கள் ஃபேர்வே என்ற ஆடுபாதைப் புல்வெளி நடுவே நடப்பார்கள். உலகத்திலேயே பெயர் பெற்ற கோல்ஃப் மைதானத்தில் ஒரு ஸ்பானியல் நாய் புரள்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும். கிரீன் மீது நடக்காதீர்கள், குழிக்குள் இறங்காதீர்கள், அவ்வளவுதான் மரியாதை.

18-ஆம் ஹோலில் ஸ்வில்கன் ஓடையின் மேல் இருக்கும் சின்னக் கல்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வீர்கள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடு ஓட்டிப்போகக் கட்டியது, எழுநூறு வருஷப் பழசு என்பார்கள். கூட்டம் மிதித்துப் புல் செத்துப்போகிறதே என்று 2023 தொடக்கத்தில் பாலத்தின் வாயில் கல் பதித்தார்கள். வீட்டு முற்றம் மாதிரி இருக்கிறது என்று ஊரே சிரிக்க, சில நாளில் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். பந்தைத் தட்டிப் பார்க்கவும் ஆசை இருந்தால் ‘ஹிமாலயாஸ்’ என்ற மேடுபள்ள புட்டிங் (பந்தை மெல்லத் தட்டித் துளைக்குள் உருட்டுவது) திடல் பக்கத்திலேயே இருக்கிறது. 1867-ல் பெண்களுக்காகத் தொடங்கிய புட்டிங் கிளப் அது. சொற்பக் கட்டணம் கட்டி யாரும் ஆடலாம். என் அத்தை சேலையில் ஆடினார், என்னை ஜெயித்தார்.

ஞாயித்துக்கிழமை வர முடியாதே. மத்த நாள்ல நடந்தா பந்து மண்டையில படுமா?

படலாம். முதல் ஹோலும் கடைசி ஹோலும் பகிர்ந்துகொள்ளும் அகன்ற புல்வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ‘கிரானி கிளார்க்ஸ் வைண்ட்’ என்ற பொதுச்சாலையே போகிறது. காரும் ஆளும் கடற்கரைக்கு அந்த வழியாகத்தான் போவார்கள். அங்கே இரு பக்கமும் பார்த்து, அடிப்பவர்கள் நின்ற பிறகு தாண்டுங்கள். “ஃபோர்!” (பந்து வருகிறது என்ற எச்சரிக்கை) என்று யாராவது கத்தினால் திரும்பிப் பார்க்காதீர்கள். தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்துவிடுங்கள். சென்னை விருந்தாளிகள் யார் கத்தினது என்று நிமிர்ந்து தேடுகிறார்கள்.

ரயில் போகுமா? எப்போ வந்தா நல்லது?

ஊருக்குள் ரயில் இல்லை. 1969-ல் பாதையை மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் நிலையம் வரை சுமார் ஒரு மணி நேரம், அங்கிருந்து 99-ஆம் எண் பஸ். ஜூன் மாதம் வந்தால் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம். ஏப்ரல், மே என்றால் முட்புதரெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கும். ஜூலையிலும் காற்றுத் தடுக்கும் சட்டை வேண்டும். ‘ஹார்’ என்ற கடல்மூடுபனி வந்தால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வந்த வேகத்தில் போய்விடும், பதறாதீர்கள்.

சரி, அந்தக் குழிகளை யார் வெட்டினது? எதுக்கு?

பெரும்பாலானவற்றை யாரும் ஆட்டத்துக்காக வெட்டவில்லை. இதுதான் எனக்கு இந்த இடத்தில் ரொம்பப் பிடித்த விஷயம். வடகடல் காற்றுக்கு ஒதுங்க ஆடுகள் மேட்டின் மறைவில் படுத்துக் கிடக்கும். படுத்த இடத்தில் புல் தேய்ந்து மணல் தெரியும். காற்று அதை அள்ளிப் பள்ளமாக்கும். முயல் வளை இடிந்தும் பள்ளமாகும். ஊர்க்காரர்கள் மணலுக்கும் சிப்பிக்கும் தோண்டியதும் உண்டு. ஏழாம் ஹோலிலுள்ள பெரிய குழிக்கு ‘ஷெல்’, அதாவது சிப்பி, என்று பெயர்.

நான்காவது காரணம் பந்தே. மேலே சொன்னேனே, இந்தத் தரையில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும் என்று. ஓடுகிற பந்தெல்லாம் தாழ்ந்த இடத்தில் கூடும். ஒரே இடத்திலிருந்து நூறு பேர் அடித்தால் புல் பெயர்ந்து மணல் வெளிவரும். ஆக, பந்து போகும் இடத்தில் குழி உண்டாயிற்று; அப்புறம்தான் மனிதன் அதற்குக் கரை கட்டி ஒழுங்குபடுத்தினான். இன்றைக்கு உலகமெங்கும் வடிவமைப்பாளர்கள் பந்து எங்கே விழும் என்று கணக்குப் போட்டுக் குழி வெட்டுகிறார்கள். இங்கே அந்தக் கணக்கைத் தரையே போட்டுவைத்திருந்தது.

மொத்தம் எத்தனை? எல்லாத்துக்கும் பேரு இருக்காமே?

வழக்கமாகச் சொல்லும் எண்ணிக்கை 112. முதல் ஹோலிலும் 18-ஆம் ஹோலிலும் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றுக்கும் இல்லை, ஏராளமானவற்றுக்குப் பெயர் உண்டு. சவப்பெட்டிகள், சிங்கத்தின் வாய், பூனைப்பொறி, மூக்குக்கண்ணாடி, சமையலறை, கல்லறை, பிரசங்க மேடை. நம் ஊரில் வயலுக்கு வயல் பெயர் வைக்கிறார்களே, அந்த மாதிரி.

16-ஆம் ஹோலில் ‘பிரின்ஸிபல்ஸ் நோஸ்’ என்று மூன்று குழிகள் கூட்டமாக இருக்கின்றன. ஒரு கல்லூரி முதல்வரின் புடைத்த மூக்கை நினைத்து வைத்ததாம். நான்காம் ஹோலில் ‘ஜிஞ்சர் பீர்’. அங்கே ஒருவர் வண்டி போட்டு அந்த இஞ்சிப் பானத்தை விற்றுக்கொண்டிருந்தார். ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்பது பல்கலைக்கழகப் பிள்ளைகள் காதலியோடு ஒளிந்து உட்கார்ந்த இடம் என்கிறார்கள். ஒன்பதாம் ஹோலில் தென்னாப்பிரிக்கப் போயர் போர்க்கால நினைவாக, போயர் தலைவர் பெயரில் ‘குரூகர்’, பக்கத்திலேயே ‘மிஸஸ் குரூகர்’. எனக்குப் பிடித்தது ‘சதர்லண்ட்’ கதை. ஒரு குழியைத் தூர்த்துவிட்டார்கள்; சதர்லண்ட் என்ற ஆட்டக்காரர் விடாமல் சண்டை பிடித்தார்; ஒரு ராத்திரியில் யாரோ போய் அதைத் திரும்பத் தோண்டிவைத்துவிட்டு அவர் பெயரையே சூட்டிவிட்டார்களாம். குழியைத் தூர்த்ததற்குப் புகார் கொடுக்கும் ஊர்!

டீயில நின்னு பார்த்தா ஒரு குழியும் தெரியலை. வேணும்னே மறைச்சு வெச்சிருக்காங்களா?

மறைக்கவில்லை, நாம்தான் பின்பக்கமாக வருகிறோம். இப்போது இந்த மைதானத்தை இடஞ்சுழியாக ஆடுகிறோம். பழைய காலத்தில் வலஞ்சுழி: முதல் டீயிலிருந்து இப்போதைய 17-ஆம் கிரீனுக்கு, 18-ஆம் டீயிலிருந்து 16-ஆம் கிரீனுக்கு, இப்படியே. 1870 வாக்கில் மைதானக் காப்பாளர் ஓல்டு டாம் மோரிஸ் முதல் ஹோலுக்குத் தனிக் கிரீன் அமைத்த பிறகுதான் இடஞ்சுழி வசதியானது. கொஞ்ச காலம் ஒரு வாரம் அப்படி, ஒரு வாரம் இப்படி என்று மாற்றி மாற்றி ஆடி, கடைசியில் இதுவே நிலைத்தது.

அதனால் சில குழிகள் எதிர்த்திசையில் வருபவருக்கு முகம் காட்டுகின்றன. நமக்கு முதுகுதான் தெரியும், அதாவது புல்மேடு. 12-ஆம் ஹோல் இதற்கு நல்ல உதாரணம். டீயில் நின்றால் வெறும் புல்வெளி, நேராக அடிக்கலாம் போலிருக்கும்; பாதி வழியில் நடுமையத்திலேயே குழிகள் வாய் பிளந்து காத்திருக்கும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பதை ஸ்காட்லாந்துக்காரர்கள் புல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

உள்பக்கச் சுவர் செங்கல் அடுக்கின மாதிரி இருக்கே, அது என்ன?

புல்தான். வேரும் மண்ணுமாகப் பத்தை பத்தையாக வெட்டியெடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி அடுக்குகிறார்கள். ரிவெட்டிங் என்பார்கள். இப்படிக் கட்டாவிட்டால் குளிர்காலக் காற்று மணலை அள்ளிக் கொண்டுபோய் குழியின் உருவமே மாறிவிடும். அடுக்கிய புல் காய்ந்து, மக்கி, சரியும். ஆகவே சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துக் கட்ட வேண்டும். தெற்கு பார்த்த சுவர் வெயில் பட்டுச் சீக்கிரம் உதிரும். இது குளிர்கால வேலை, முழுக்கக் கைவேலை. ஜனவரியில் போனால் மைதான ஊழியர்கள் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். எனக்கு ஆட்டத்தைவிட அதைப் பார்ப்பது சுவாரசியம். சில மைதானங்களில் இப்போது பழைய செயற்கைப் புல்விரிப்பை வெட்டி அடுக்குகிறார்கள். நீடித்து உழைக்கும், ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும்.

நரகம்னு ஒரு குழியாமே, நிஜமா அவ்வளவு மோசமா?

‘ஹெல்’ பங்கர், 14-ஆம் ஹோல். சுமார் பத்தடி ஆழம். வீட்டுக் கூடத்தையே உள்ளே வைக்கலாம், அவ்வளவு அகலம். கிரீனுக்கு நூறு கெஜத்துக்குச் சற்று முன்னால் குறுக்கே கிடக்கிறது. இரண்டாவது அடியில் அதைத் தாண்டுவதா, முன்னாலேயே நிறுத்துவதா, ஒதுங்கிப் போவதா என்று முடிவெடுக்க வைப்பதுதான் அதன் வேலை.

1995-ல் ஓபன் என்ற பிரிட்டனின் பெரும் போட்டியில் ஜாக் நிக்லாஸ் அதில் விழுந்தார். இதே மைதானத்தில் 1970-லும் 1978-லும் ஓபன் வென்றவர். வெளியே வர நான்கு முறை அடிக்க வேண்டியிருந்தது; அந்த ஹோலுக்கு மொத்தம் பத்து. யானைக்கும் அடி சறுக்கும். ஆனாலும் கேட்டால், அகலமாக இருப்பதால் உள்ளே நின்று வீச இடமாவது இருக்கிறது என்பேன். சின்னக் குழிகள்தான் கொடுமை. ஒரு ஆள், ஒரு பந்து, கோபம், இதற்குத்தான் இடம்.

அப்போ எல்லாத்தையும் விட மோசமானது எது?

17-ஆம் ஹோலின் ‘ரோடு’ பங்கர். கிரீனின் இடப்பக்க வயிற்றைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. கிரீனுக்குப் பின்னால் தார்ச்சாலை, அதற்கும் அப்பால் கல்மதில். குழிக்குப் பயந்து வலுவாக அடித்தால் சாலை. சாலைக்குப் பயந்து மெதுவாக அடித்தால் குழி. பார்த்தால் சின்னதுதான். சுற்றியுள்ள தரையெல்லாம் அதை நோக்கிச் சரிவதால், உண்மையில் அதன் வாய் தெரிவதைப்போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1978 ஓபனில் ஜப்பானின் டாமி நாகாஜிமா முன்னணியில் இருந்தார். இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து புட்டரால் மெல்லத் தட்டிய பந்து சரிவில் திரும்பி உருண்டு குழிக்குள் போய்விட்டது. எடுக்க நான்கு அடி, மொத்தம் ஒன்பது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அதற்குப் பிறகு அந்தக் குழிக்கு ‘நாகாஜிமாவின் மணல்’ என்று பட்டப்பெயர். 1995-ல் கான்ஸ்டன்டினோ ரோக்கா, ஜான் டேலியோடு சமநிலை முறிப்பில் ஆடியபோது இங்கே மூன்று அடி. கோப்பை டேலிக்குப் போனது. 2000 ஓபனின் கடைசி நாளில் டேவிட் டுவால் நான்கு அடி.

2022-ல் கேமரன் ஸ்மித் செய்ததை மட்டும் நினைவில் வையுங்கள். கடைசிச் சுற்று, அவர் பந்துக்கும் கொடிக்கும் நடுவே இந்தக் குழி. மேலே தூக்கியடித்து வீரம் காட்டாமல், புட்டரை எடுத்துக் குழியைச் சுற்றிச் சரிவில் ஓடவிட்டார். அப்புறம் சுமார் பத்தடி தூரத்திலிருந்து பந்தை உருட்டி உள்ளே போட்டு, பார் (அந்த ஹோலுக்கு வகுத்த அடிக் கணக்கு) காப்பாற்றினார். ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ஓபன் அவருக்கு.

டைகர் வுட்ஸ் ஒரு குழியிலகூட விழலையாமே, கட்டுக்கதையா?

கதையில்லை. 2000 ஓபன், நான்கு நாள், 72 ஹோல், ஒரு பங்கர்கூட இல்லை. 19 அண்டர் பார், அதாவது பாரைவிட 19 அடி குறைவு; எட்டு அடி வித்தியாசத்தில் வெற்றி. தரை காய்ந்து பந்து கன்னாபின்னாவென்று ஓடிய வருஷம் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். டுவால் நான்கு அடி வாங்கினார் என்றேனே, அன்று அவர் ஆடியது வுட்ஸோடு சேர்ந்துதான்.

தம்பி, எனக்கு ஆட இடம் கிடைக்குமா? மாசக்கணக்கா காத்திருக்கணுமா?

முன்கூட்டியே பதிவு செய்யும் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மற்றவர்களுக்குக் குலுக்கல்: இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து, ஆட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுக்க வேண்டும். தனியாளுக்கு முன்பெல்லாம் ராத்திரி முழுக்க வாசலில் வரிசை. குளிரில் போர்வையோடு படுத்திருப்பார்கள். 2024 முதல் அதற்கும் முந்தின நாள் குலுக்கல்தான், ஊரில் நேரில் இருந்து பெயர் பதிய வேண்டும். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு) சான்று கையில் இருக்கட்டும். கோடைக் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். குளிர்காலத்தில் குறைவு, ஆனால் புல்லைக் காப்பாற்ற, ஃபேர்வேயில் சின்னப் பாய் விரித்து அதன் மேலிருந்துதான் அடிக்க வேண்டும்.

என் யோசனை: நான்கு நாள் தங்குங்கள், தினமும் குலுக்கலில் பெயர் போடுங்கள், விழாத நாளில் பக்கத்து நியூ கோர்ஸில் ஆடுங்கள். பெயர்தான் நியூ, 1895-ல் திறந்தது. பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும் ஒன்பது ஹோல் பால்கோவ் இருக்கிறது. ஓல்டு கோர்ஸில் ஆடக் கிடைத்துவிட்டால் மட்டும் கேடி (பையைச் சுமந்து வழி சொல்பவர்) வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மறைந்த குழிகளுக்கு அவர்தான் கண்.

விழுந்துட்டேன். எப்படி எடுக்கறது?

பந்தை அடிக்காதீர்கள், மணலை அடியுங்கள். சாண்ட் வெட்ஜ் என்ற மணல் மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து, காலை மணலில் நன்றாக ஊன்றி, பந்துக்கு ஓரிரு அங்குலம் பின்னால் இறக்கி, வீச்சைப் பாதியில் நிறுத்தாமல் முடியுங்கள். மணல்தான் பந்தைச் சுமந்து வெளியே போடும்.

இது பந்து சுவரிலிருந்து தள்ளி இருந்தால். சுவரை ஒட்டி இருந்தால் கொடியை மறந்துவிடுங்கள். பக்கவாட்டில் அடியுங்கள், முடியாவிட்டால் வந்த வழியே பின்னால் அடியுங்கள். நம் ஆட்கள் இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். பின்னால் அடிப்பதா, மானம் என்னாவது என்று நேராகச் சுவரில் மோதுவார்கள். பந்து திரும்பி வந்து காலடியில் படுக்கும். நானும் ‘ஸ்ட்ராத்’ பங்கரில் ஐந்து முறை மோதி, ஆறாவது அடியில் பின்னால் வந்தேன். முதல் அடியிலேயே வந்திருக்கலாம்.

எப்படி அடிச்சாலும் வரலை. விட்டுட்டுப் போக வழி இருக்கா?

இருக்கிறது. ஆட முடியாத பந்து என்று அறிவித்துவிடலாம். ஒரு அடி அபராதத்தோடு கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்பிப் போகலாம். ஆனால் கடைசி அடியும் அந்தக் குழிக்குள்ளேதான் என்றால் அதில் லாபமில்லை. அதே ஒரு அடிக்கு, குழிக்குள்ளேயே கொடியை நெருங்காமல் இரண்டு கிளப் (ஆடும் மட்டை) நீளத்துக்குள் போடலாம். அல்லது கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பின்னால் தள்ளி, அதுவும் குழிக்குள்ளேயே. 2019 விதிமாற்றத்துக்குப் பிறகு, இரண்டு அடி அபராதம் கட்டினால் அந்த நேர்கோட்டிலேயே குழிக்கு வெளியே வந்துவிடலாம். நாகாஜிமாவுக்கு இந்த வழி அப்போது இல்லை.

பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாமா என்றால், அதையும் ஒருவர் செய்திருக்கிறார். 1921-ல் 19 வயது பாபி ஜோன்ஸ் 11-ஆம் ஹோலில் ‘ஹில்’ பங்கரில் மாட்டி, வெறுத்துப்போய்ச் சுற்றையே கைவிட்டார். அப்புறம் 1927-ல் இங்கேயே ஓபன் வென்றார், 1930-ல் அமெச்சூர் பட்டம் வென்றார், 1958-ல் ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. இப்போது பத்தாம் ஹோலுக்கு அவர் பெயர்.

மணலைத் தொட்டாலே அபராதமா?

தெரிந்தே சோதித்துப் பார்க்கத் தொட்டால், பந்துக்கு முன்னாலோ பின்னாலோ கிளப்பை ஊன்றினால், ஒத்திகை வீச்சில் அல்லது பின்வீச்சில் மணல் பட்டால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு அடி அபராதம். களைத்துப்போய்க் கிளப்பைத் தள்ளி ஊன்றிச் சாய்ந்து நிற்கலாம். காய்ந்த இலை, கூழாங்கல் ஆகியவற்றை 2019 முதல் எடுத்துப் போடலாம். பந்து அசையக் கூடாது. வெளியே வரும்போது உங்கள் காலடியை ரேக்கால் சமன் செய்துவிட்டு வாருங்கள். இது அபராதத்தில் வராது, ஆனால் செய்யாமல் போனால் கேடி பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது இரண்டு அடிக்கு மேல்.

பந்து அந்தப் புல்சுவர்லயே செருகிக்கிச்சு. அது குழிக்குள்ளயா, வெளியிலயா?

நல்ல கேள்வி, ஆடத் தெரிந்தவர்களே தப்பாகச் சொல்வார்கள். விதிப்படி அடுக்கிய புல்சுவர் பங்கரின் பகுதி அல்ல. மணல் இருக்கும் தரை மட்டும்தான் பங்கர். சுவரில் செருகிய பந்து பொதுப்பகுதியில் இருப்பதாகக் கணக்கு.

அப்படியானால் புதைந்த பந்துக்கு இலவசமாக எடுத்து வைக்கலாமே என்பீர்கள். லிங்க்ஸ் மைதானங்கள் அதைத் தடுக்கத் தனி உள்ளூர் விதி வைத்துக்கொள்ள இடமுண்டு. ஆடுவதற்கு முன் மதிப்பெண் அட்டையின் பின்பக்கம் பாருங்கள். அந்த விதி இருந்தால் இலவசம் கிடையாது. ஆனாலும் ஒரு ஆதாயம் உண்டு: பந்து பங்கரில் இல்லை என்பதால், நேர்கோட்டில் பின்னால் போய் வெளியே வர ஒரு அடி அபராதம் போதும். மேலே சொன்ன இரண்டு அடி, பந்து மணலில் கிடந்தால்தான். சுவரில் செருகுவது சில நேரம் மணலில் விழுவதைவிட மேல்.

ஒரே ஒரு குழி பார்க்கத்தான் நேரம் இருக்கு. எதைப் பார்க்கறது?

அரை மணி நேரம்தான் என்றால் ரோடு பங்கர். கிளப் கட்டடத்திலிருந்து ஐந்தாறு நிமிட நடை. பின்னாலுள்ள சாலையில் நின்றே பார்க்கலாம். ஆட்டம் நடக்கும் நாளாக இருந்தால் நாலு குழு கடந்துபோகும் வரை நில்லுங்கள், யாராவது ஒருவர் உள்ளே போவார்.

இரண்டு மணி நேரம் இருந்து, அது ஞாயிறாகவும் இருந்தால், 12-ஆம் ஹோலுக்கு நடந்துவிடுங்கள். முதலில் டீயில் நின்று பாருங்கள், ஒன்றும் தெரியாது. கிரீன் வரை நடந்துபோய் அங்கிருந்து திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் நாயோடு நடப்பவர்களிடம் வழி கேட்டால் எந்த ஹோல் எது என்று சொல்லிவிடுவார்கள். கூடவே ஒரு குழியின் கதையும் வரும். கடைசி பஸ் நேரத்தை மட்டும் முன்னாலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.